சாச்சியின் பையும் மருமகனின் காரும்

திருகோணமலையிலிருந்து வடக்கே கரையோரமாக ஏறத்தாழ 54 கிலோமீட்டர் வந்தால் எங்கள் புல்மோட்டை. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரை இல்மனைற் மணலால் தெரியும். 1957இல் ஆரம்பித்த கனிய மணல் கூட்டுத்தாபனம் ஊரின் பெயரைக் கப்பல்களில் ஏற்றி உலகமெங்கும் அனுப்பியது. ஆனால் எங்கள் ஊருக்கு வந்துபோகும் வீதியைப் பற்றி, அதில் வந்து சிரமப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இன்று பாலங்கள் இருக்கின்றன. 2009இல் யுத்தம் முடிந்த பின் வந்த பாலங்கள் அவை. அதற்கு முன்னர் களப்பு முகத்துவாரங்களில் பாதைக்காகக் காத்து நின்று, வாகனத்தைப் பாதையில் ஏற்றி அக்கரை சேர வேண்டும். யுத்த காலத்தில் கரையோர வீதி அடைபட்டால், பதவியா, கெப்பித்திக்கொல்லாவ என்று காட்டு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அந்த நாளில் பயணம் புறப்படுகிறவர் தண்ணீர், சோறு, கயிறு, டோர்ச் லைட் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் வாசற்படி இறங்குவார். எங்கள் உறவில் லொறி ஓட்டிய ஒரு மாமா இருந்தார். லொறியில் எப்போதும் இரண்டு மேலதிக டயர், கைப் பம்ப், ஒட்டுத் துண்டு, சொலூஷன், ஒரு பலகைத் துண்டு. “டயருக்குக் காத்துப் போனா கவல இல்ல, மனிசனுக்கு மூள போனாத்தான் கவல” என்பார்.

இந்த விஷயத்தில் அந்த மாமாவையும் மிஞ்சியவர் கிண்ணியாவில் வாழ்ந்த எங்கள் சாச்சி. எனக்கு 9 வயதில் உம்மா மௌத்தாகிவிட்டார்கள். என்னையும் ராத்தாவையும் வளர்த்து ஆளாக்கியவர் உம்மாவின் தங்கையான இந்தச் சாச்சிதான். நான் அரபுக் கல்லூரியில் ஓதிய ஏழு வருடமும் என் உடுப்பில் அறுந்த பொத்தான்களைத் தைத்துத் தந்த கை அந்தக் கை. சாச்சி எங்கே போனாலும் தோளில் ஓர் ஓலைப் பை தொங்கும். ஊசி, நூல், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, தேசிக்காய், ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பழைய சீலைத் துண்டு, முடிச்சில் கொஞ்சம் சில்லறைக் காசு. பக்கத்துத் தெருக் கலியாண வீட்டுக்குப் போனாலும் அந்தப் பை போகும். “சாச்சி ஹஜ்ஜுக்குப் போறாங்க” என்று பிள்ளைகள் கேலி செய்வோம். சாச்சி சிரித்துவிட்டுப் பையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொள்வார்.

அந்தச் சாச்சியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது ஒரு டயரால். அதைச் சொல்லத்தான், சகோதரிகளே, இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

அந்த நாள்

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை. கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த பகல். மதரஸா விடுமுறை. காலை 11 மணியளவில் கிண்ணியாவிலிருந்து தொலைபேசி வந்தது. சாச்சி மௌத்து. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அசர் தொழுகையுடன் ஜனாஸாத் தொழுகை, உடனே நல்லடக்கம் என்றார்கள்.

எங்களிடம் ஒரு பழைய சிறிய கார் இருக்கிறது. அன்று அது கராஜில், என்ஜின் பிரித்தபடி கிடந்தது. வாடகை வேன்கள் பெருநாள் பயணங்களில் போய்விட்டன. ராத்தாவின் மகன் கொழும்பில் வியாபாரம் செய்கிறவன். பெருநாளுக்கு ஊர் வந்திருந்தான். வாசலில் நின்றது அவனுடைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. தரையோடு ஒட்டிய உடம்பு. ஊர்ப் பிள்ளைகள் மூன்று நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதன் வெள்ளைப் பெயின்ற்றைப் பார்த்து, “இல்மனைற்றிலிருந்து எடுக்கிற பொருளாலதான் வெள்ளைப் பெயின்ற் செய்யிறாங்க, நம்மட ஊர் மண்ணும் இதில இரிக்கும்” என்று நானும் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

“மாமா, நீங்க யோசிக்காதீங்க. ஒண்டரை மணித்தியாலத்தில கிண்ணியாவில நிப்பம்” என்றான் மருமகன்.

லுஹர் தொழுது, 1 மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் நான். பின்னால், பிள்ளைகள் மட்டும் இருக்கக்கூடிய இடத்தில், ராத்தாவும் என் மனைவியும் முழங்காலை மடக்கிக்கொண்டு. வீதி நன்றாக இருந்தது. இடப் பக்கம் கடல் வந்து வந்து மறைந்தது. திரியாய் கழிந்து, குச்சவெளி வருவதற்கு முன், ஒரு மதகின் ஓரத்தில் தார் உடைந்து பள்ளமாகியிருந்தது. மருமகன் பிறேக் அடித்தான். முன் சில்லு பள்ளத்தின் விளிம்பில் மோதிய சத்தம் என் நெஞ்சில் கேட்டது. நூறு யார் போவதற்குள் கார் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இறங்கிப் பார்த்தோம். டயரின் பக்கச் சுவரில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு.

“ஸ்பெயார் வீலை எடு மகன்” என்றேன்.

மருமகன் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, அப்படியே நின்றுவிட்டான். ஸ்பெயார் வீல் இல்லை. அது இருக்க வேண்டிய இடமும் இல்லை. ஒரு சிறிய காற்றுப் பம்பும், பால் போன்ற மருந்து நிறைந்த ஒரு போத்தலும் மட்டும் இருந்தன. கார் வாங்கி எட்டு மாதமாகியும் அந்த விரிப்பை அவன் ஒரு நாளாவது தூக்கிப் பார்த்ததில்லை. போத்தலில் அச்சடித்திருந்த திகதி கடந்து இரண்டு வருடமாகியிருந்தது. இருந்தாலும் மருந்தை ஏற்றிப் பார்த்தோம். ஏற்றியதெல்லாம் அந்த வெட்டு வழியாக நுரையாக வெளியேறி மண்ணில் வடிந்தது. திகதி முடியாத புதிய மருந்தாக இருந்திருந்தாலும் இதே கதிதான் என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன்.

வெயில் நெருப்பாகக் கொட்டியது. அபாயா அணிந்த இரண்டு பெண்கள். நிழலுக்கு ஒரு பற்றைக்காடு. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒன்றரை மணித்தியாலப் பயணத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று புறப்பட்டு வந்திருந்தோம். “சாச்சிட பை இருந்தா…” என்று ராத்தா தொடங்கினார். சொல்லி முடிக்க முடியாமல் அழுதுவிட்டார்.

2 மணியளவில் ஒரு சின்ன லொறி வந்தது. திரியாய்ப் பக்கத்துத் தமிழ்ச் சகோதரர் ஒருவரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னோம். மனைவியை இறுக்கி இருக்கச் சொல்லிவிட்டு, “இன்னும் ரெண்டு பேரை ஏத்தலாம், ஐயா. பின்னால முழுக்கச் சாமான்” என்றார் அவர். முன் ஆசனத்தில் இரண்டு இடம், நாங்களோ நால்வர்.

ராத்தா என்னைப் பார்த்தார். “நீ போ தம்பி. நீ ஆம்புள, ஜனாஸா தொழுவிக்கோணும்” என்றார். தொழுவிக்க கிண்ணியாவில் ஆலிம்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் சாச்சிக்கு மூத்த மகளாக இருந்தவர் ராத்தா ஒருவர்தான். என் மனைவியையும் ராத்தாவையும் ஏற்றி அனுப்பினேன். திருகோணமலை பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்ன அந்த மனிதர், அவர்களைக் கிண்ணியா வரையே கொண்டுபோய் விட்டிருக்கிறார். காசு எதுவும் வாங்கவில்லை. அல்லாஹ் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் நல்லருள் புரிவானாக!

மருமகன் ஓர் ஆட்டோவில் குச்சவெளி போய் வெறுங்கையோடு திரும்பி வந்தான். அந்த அளவு டயர் அங்கே எந்தக் கடையிலும் இல்லை. காரைத் தூக்கிப் போக கரியர் லொறி மறுநாள்தான் வரும் என்றார்கள். அவனைக் காருக்குக் காவல் நிறுத்திவிட்டு, 3 மணியளவில் வந்த பஸ்ஸில் ஏறினேன்.

நிலாவெளியைக் கடக்கும்போது சாச்சியின் மகன் அழைத்தான். “நானா, தொழுகை முடிஞ்சிது. ஜனாஸாவ ஒங்களுக்காக வெச்சிரிக்கம். எவ்வளவு நேரம் செல்லும்?”

திருகோணமலை போய், அங்கிருந்து கிண்ணியா. இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. நான் என்ன சொல்ல? வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும், கொழும்பிலிருந்து மருமகன் வர வேண்டும் என்று மையித்தை வைத்திருக்கும் வீடுகளில், “ஜனாஸாவைப் பிற்படுத்தாதீர்கள்” என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவன் நான். அப்படிச் சொன்ன வீடுகளில் சிலர் என்னோடு கோபித்ததும் உண்டு. இன்று அந்தச் சொல் என்னிடமே திரும்பி வந்து நின்றது.

“தூக்குங்க தம்பி. எனக்காக வெக்க வேணாம்” என்றேன். பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிண்ணியாவில் நான் இறங்கியபோது 5 மணி. புதிய மண். அதன் முன் நின்று தொழுதேன். மஃரிபுக்குப் பின் வீட்டுக்குப் போனேன். சாச்சியின் ஓலைப் பை வழமையான ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ராத்தா என் அருகே வந்து உட்கார்ந்து, சாச்சியின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

கத்ர் என்றால் என்ன?

“அல்லாஹ் நாடியது நடந்தது” என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். மௌத்தும் கத்ர்தான், டயர் வெடித்ததும் கத்ர்தான். ஆனால் டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்காதது எங்கள் கவனக்குறைவு. எங்கள் சோம்பலை நாங்கள் செய்துவிட்டு, அதைக் கத்ரின் கணக்கில் எழுதுவது நியாயமா?

ஊர் திரும்பிய மறு வெள்ளிக்கிழமை, கராஜிலிருந்து வந்த எங்கள் சொந்தக் காரின் டிக்கியைத் திறந்தேன். அந்தக் காரை மூன்று வருடமாக ஓட்டுகிறேன். மருமகனைக் குறை சொன்ன நானும் அந்த விரிப்பை ஒரு நாளும் தூக்கியதில்லை. தூக்கினேன். ஸ்பெயார் வீல் இல்லை! அதே பம்ப், அதே போத்தல், அதே முடிந்துபோன திகதி.

பின்னால் நின்ற மனைவி மெதுவாகச் சொன்னார்: “ஒட்டகத்தக் கட்டாம தவக்குல் பேசின மனிசர்ட செய்திய மதரஸாவில எத்தன தரம் சொல்லிக் குடுத்திருப்பீங்க? இங்க கட்டுறதுக்குக் கயிறே இல்லியே!”

என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து டயர் விஷயத்தில் நான் மாணவனானேன். திருகோணமலையில் ஒரு டயர் கடைக்காரரும் எங்கள் ஊர் கராஜ் தம்பியும் எனக்கு உஸ்தாதுகள். நான் படித்ததை இங்கே தருகிறேன்.

ஸ்பெயார் வீல் எங்கே போனது?

காற்று நிரப்பிய டயருக்கு முதன்முதலில் 1845இல் காப்புரிமை பெற்றவர் ரொபர்ட் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். 1888இல் ஜோன் டன்லொப், தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காகச் செய்து பார்த்த பிறகே அது பரவியது. ஆரம்பகாலக் கார்களில் மேலதிகச் சில்லு என்ற ஒன்று கிடையாது. வழியில் காற்றுப் போனால் வழியிலேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். இதற்கு 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். காற்றுப் போன சில்லோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டு ஓடக்கூடிய மேலதிகச் சில்லு அது. இந்தியாவில் ஸ்பெயார் வீலை இன்றும் ‘ஸ்டெப்னி’ என்கிறார்களே, அது அந்தத் தெருவின் பெயர்தான்!

நூறு வருடம் கழித்துக் கதை திரும்பிவிட்டது. பாரம் குறைய வேண்டும், எரிபொருள் மிச்சமாக வேண்டும், இடம் வேண்டும் என்று பல கம்பனிகள் ஸ்பெயார் வீலை எடுத்துவிட்டன. ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னும் சில காரணங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றில் முன் டயர் ஓர் அளவு, பின் டயர் வேறு அளவு. ஒரே ஸ்பெயார் வீல் இரண்டுக்கும் பொருந்தாது. பெரிய பிறேக் இருப்பதால் சிறிய சில்லும் உள்ளே போகாது. 1997இல் வந்த கோர்வெற் காரில் ஸ்பெயார் வீலே இல்லை. பதிலாகக் காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய கெட்டிச் சுவர் டயர்களைப் பூட்டினார்கள். அத்தகைய டயர்கள் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் தாங்கும். ஆனால் எங்கள் வீட்டுக் கார் போன்ற சாதாரண ஜப்பான் கார்கள் பலவற்றிலும் இன்று ஸ்பெயார் வீல் இல்லை. “எங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லையே” என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

டயரைப் படிக்கப் பழகுவோம்

அரபு எழுத்தைப் படிக்கத் தெரிந்த எனக்கு டயரின் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இருந்தது. மருமகனின் டயரில் 225/40 ஆர் 18 என்றிருந்தது. டயரின் அகலம் 225 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீற்றர். ரிம்மின் விட்டம் 18 அங்குலம். வேன்களில் காணும் 195/80 ஆர் 15 டயரின் பக்கச் சுவரோ 156 மில்லிமீற்றர். சுவர் உயரமாக இருந்தால் பள்ளத்தில் விழும்போது அது வளைந்து கொடுக்கும். குட்டைச் சுவருக்கு அந்த வசதி இல்லை. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி வெட்டுப்படும். காற்றுக் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். ஆகவே மாதம் ஒரு தடவையும், தூரப் பயணத்துக்கு முன்னரும், டயர் சூடாகாத நேரத்தில் காற்றைப் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஓர் ஒட்டுத் தாளில் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

டயரின் வயதும் அதிலேயே இருக்கிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தனியாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது டயர் விலைக்குப் பயந்து, ஓடிய டயரையே நாங்கள் பலரும் ஓட்டினோம். அந்த டயர்கள் இன்னும் எத்தனை வீட்டு வாகனங்களில் இருக்கின்றனவோ! ஒரு தரம் குனிந்து பாருங்கள்.

போத்தல் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆணி குத்திய சிறு துளைக்கு, அதுவும் டயரின் தரையில் படும் பகுதியில், ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வரைக்கும்தான் அது உதவும். பக்கச் சுவர் வெட்டுக்கு உதவாது. குத்திய ஆணியை அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. மருந்து ஏற்றிய பின் வேகத்தைக் குறைத்து நேரே டயர் கடைக்குப் போக வேண்டும். உள்ளே மருந்து இருப்பதைக் கடைக்காரருக்குச் சொல்லவும் வேண்டும். போத்தலுக்குத் திகதி உண்டு என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

முற்றத்தில் ஒரு பாடம்

பழைய உதிரிப்பாகக் கடை ஒன்றில், எங்கள் காருக்குப் பொருந்தும் அளவில் டயரோடு ஒரு சில்லு வாங்கினேன். நட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் சரிதானா என்று காரிலேயே பூட்டிப் பார்த்து வாங்கினேன். பிறகு ஒரு மாலை அசருக்குப் பின், வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினோம். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மதரஸா ஓதும் மகன். கராஜ் தம்பி சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம்.

முதல் தரம் ஜாக்கி மண்ணில் புதைந்தது. எங்கள் ஊர் முற்றம் வேறு எப்படி இருக்கும்? லொறி மாமா ஏன் பலகைத் துண்டு வைத்திருந்தார் என்பது அன்றுதான் விளங்கியது. பலகையை அடியில் வைத்ததும் ஜாக்கி நிமிர்ந்து நின்றது. தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் காற்றுப் போனதும் ஜாக்கி நுழையவே இடம் இருக்காது. அதற்குத் தாழ்ந்த ஜாக்கி வேண்டும். அல்லது சில்லைப் பலகை மேல் ஏற்றி உயர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கி வைக்கும் இடம் காரின் அடி விளிம்பில் அடையாளமிடப்பட்டிருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு நெளியும்.

ஒழுங்கு இதுதான்: சமதரையில் நிறுத்து. ஹேண்ட் பிறேக்கை இழு, கியரில் போடு. எதிர்ப்பக்கச் சில்லுக்குக் கல் வை. காரைத் தூக்குவதற்கு முன்னரே, சில்லு தரையில் இருக்கும்போதே, நட்டுகளை இடப்பக்கமாகத் திருப்பிச் சற்று இளக்கிக்கொள். அதன் பின் தூக்கு. சில்லை மாற்றியதும் நட்டுகளை எதிரெதிராக இறுக்கு. வரிசையாகச் சுற்றி இறுக்காதே. காரை இறக்கிய பின் மீண்டும் ஒரு தரம் இறுக்கு. ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு தரம் பார். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. சில கார்களில் களவுக்குப் பயந்து ஒரு நட்டை வேறு விதமாகச் செய்திருப்பார்கள். அதற்கென்று தனிச் சாவி இருக்கும். அது இல்லாவிட்டால் வேறெல்லாம் இருந்தும் பயனில்லை.

முதல் நட் மகளின் கைக்கு அசையவில்லை. மகன் சிரித்தான். மகள் ஸ்பேனரின் பிடியில் காலை வைத்து, காரைப் பிடித்துக்கொண்டு, தன் முழுப் பாரத்தையும் கொடுத்தாள். ‘டக்’ என்று இளகியது. கைப் பலம் போதாத இடத்தில் உடம்பின் பாரம் வேலை செய்யும் என்று அன்று கண்டோம். முதல் தரம் முக்கால் மணித்தியாலம் சென்றது. மூன்றாம் தரம் 20 நிமிடம்!

சகோதரிகளே, “இது ஆம்பிளைகளின் வேலை” என்று ஒதுங்காதீர்கள். கணவர் வெளிநாட்டில், மகன் சிறு பையன், வீட்டில் வாகனம் இருக்கிறது, ஓட்டுகிறவர் நீங்கள் என்ற நிலை இன்று எத்தனை வீடுகளில்? ஓட்டாதவரும் கூடப் போகிறவர்தான். வெயிலில் நின்றவர்களில் இருவர் பெண்கள் என்பதை நான் மறக்கவில்லை.

சாச்சிட பை

இப்போது எங்கள் கார் டிக்கியில் ஒரு பை இருக்கிறது. வீட்டில் அதற்கு ‘சாச்சிட பை’ என்றே பெயர். அதில் டோர்ச் லைட், கையுறை, பலகைத் துண்டு, காற்று அளக்கும் கருவி, பம்ப், திகதி முடியாத மருந்துப் போத்தல், சிவப்பு முக்கோண அடையாளம், தொலைபேசிக்கு மின்னேற்றும் வயர், இரண்டு பெரிய போத்தல் தண்ணீர், ஒரு குடை, பெண்கள் விரித்து அமர ஒரு பாய். ஒரு தாளில் டயர் கடை, கராஜ், கரியர் லொறி இலக்கங்கள். பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. தொலைபேசி அணைந்துவிட்டால் தாள்தான் கைகொடுக்கும். வழியில் நின்றால் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கி வீதியை விட்டு விலகி நிற்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். யானை நடமாடும் காட்டு வழியென்றால் பொழுது சாய முன் ஊர் சேர்வது என்பதும் வீட்டுச் சட்டம்.

மருமகனும் மாறிவிட்டான். அவன் காரில் ஸ்பெயார் வீலுக்கு இடமில்லை. ஆகவே புதிய மருந்து, தாழ்ந்த ஜாக்கி, பலகை, துளையில் செருகி அடைக்கும் பஞ்சர் சாமான் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான். தன் அளவு டயர் எந்த ஊரில் கிடைக்கும் என்று விசாரித்து எழுதி வைத்திருக்கிறான். இவ்வளவும் இருந்தாலும் பக்கச் சுவர் வெட்டுப்பட்டால் அந்தக் கார் நிற்கத்தான் செய்யும். “அவசரமான பயணமெண்டா இத எடுக்க மாட்டன் மாமா, பஸ்ஸிலதான் போவன்” என்கிறான். காரின் பலவீனத்தை அறிந்து வைத்திருப்பதும் ஓர் ஆயத்தம்தான்.

பாதை ஏறிக் கடந்த காலத்தில் வீதி எங்களுக்கு ஆயத்தத்தைக் கற்றுத் தந்தது. பாலம் வந்ததும் அந்தப் பாடத்தை மறந்தோம். சாச்சி மட்டும் மறக்கவில்லை. நான் அந்த மஃரிபுக்குப் பின் ஆணியிலிருந்து பையை எடுத்துப் பார்த்தேன். ஊசியில் நூல் கோத்தபடி இருந்தது. தீப்பெட்டி நனையாமல் பொலித்தீனில் சுற்றியிருந்தது. தண்ணீர்ப் போத்தல் நிரம்பியிருந்தது.

இன்று அசருக்குப் பின் உங்கள் வீட்டு வாகனத்தின் டிக்கியைத் திறந்து, அந்த விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அரை மணித்தியாலம் போதும். வழியில் நிற்கும் நாள் எந்த நாளாக இருக்கும் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது.

வல்ல நாயன் எங்கள் சாச்சியின் கப்றை விசாலமாக்கி வைப்பானாக! நம் எல்லோருடைய பயணங்களையும் ஸலாமத்தாக்கி வைப்பானாக! ஆமீன்.